இருபத்தோராவது மடையின் நேரம்

அரசாங்கத்தில் நேரம் இரண்டு வகைப்படும். ஒன்று முற்பகல், மற்றொன்று பிற்பகல். ஓர் ஊழியர் பணியில் சேர்வது, மாறுதலில் போவது, ஓய்வு பெறுவது எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில்தான் நடந்தாக வேண்டும். மனிதர்கள் பதினொன்று இருபதுக்கோ நான்கு ஐந்துக்கோ பிறந்துகொள்ளலாம். அது அவர்கள் சொந்த விஷயம். கோப்பில் ஏறும்போது முற்பகலாகவோ பிற்பகலாகவோ ஏறினால் போதும். நூறு வருடத்துக்கு மேலாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. வெண்ணிலா வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல் வந்தது.

அவள் வேலை பார்த்தது சொந்த இயங்குதள வாரியத்தில். மாநிலத்துக்கென்று சொந்தமாக ஓர் இயங்குதளம் வேண்டும் என்று ஒரு வருடம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. அதற்கு முந்தைய வருடம் எல்லோருக்கும் சொந்தச் செயலி வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய வருடம் ட்ரோன். அப்படி உண்டான வாரியம் உருவாக்கிய இயங்குதளத்துக்குத் ‘தன்னிறைவு’ என்று பெயர். உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்து, வண்ணத்தை மாற்றி, கணினி தொடங்கும்போது நாதஸ்வரம் கேட்கும்படி செய்ததுதான் தன்னிறைவு. அதிலும் பழைய பதிப்பாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். புதியதில் தெரியாத பிழைகள் இருக்கும், பழையதில் இருப்பவை தெரிந்த பிழைகள் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் விளக்கம் சொன்னாராம்.

வாரியத்தின் மேற்கு மண்டல அலுவலகம் நாமக்கல்லில், முட்டை அட்டை விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மூன்று பேர் அங்கே. மண்டல இயக்குநர் ஆனந்தகுமார், கண்காணிப்பாளர் மார்ட்டின், ‘கெர்னல் பொறியாளர், தொகுப்பூதியம்’ என்ற பதவியில் வெண்ணிலா. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். எந்த வேலை முந்தி, எந்த வேலை பிந்தி, இப்போது மணி என்ன என்று மற்ற நிரல்களுக்கெல்லாம் அதுதான் சொல்லும். இதை வெண்ணிலா தன் வீட்டில் விளக்கியபோது, “அப்ப நீ மேனேஜருக்கு மேனேஜரா?” என்று அவளுடைய அப்பா கேட்டார். ஆட்டையாம்பட்டியில் இரண்டு தறி வைத்திருக்கும் அந்தக் குடும்பத்தில், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வெளியே போன முதல் ஆள் அவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அம்மா அந்த அட்டையின் நாடாவைத் துவைத்துக் காயப்போடுவார். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு, பங்குனியில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. பங்குனி என்ற சொல் காதில் விழுந்தாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

தன்னிறைவு உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு கிளை வாய்க்கால். அதில் வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, தண்ணீர் விடுவார்கள். காலை ஐந்து மணிக்கு, மதகு பார்க்கும் லஸ்கர் கண்ணுசாமி தலைமதகைக் கையால் திறப்பார், மாலை ஏழு மணிக்குக் கையால் அடைப்பார். பதினான்கு மணி நேரம், இருபத்தொரு மடை, மடைக்கு நாற்பது நிமிடம். முன்பு முறைக்காரர்களே மண்வெட்டியோடு நின்று மடை மாற்றிக்கொண்டார்கள். சண்டையும் நடக்கும், டீ குடித்ததும் தீர்ந்தும் போகும். இப்போது இருபத்தொரு மடைக்கும் மோட்டார் வைத்த ஷட்டர். எல்லாவற்றையும் இயக்க ஒரு பெட்டி; தலைமதகைத் திறந்ததும் கண்ணுசாமி அதன் பொத்தானை அழுத்துவார், அதில் மணி ஐந்து என்று ஆரம்பிக்கும். பெட்டிக்குள் தன்னிறைவு.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, கையில் துணிப்பையோடு ஓர் அம்மா மாடி ஏறி வந்தார். பெயர் ராமாத்தாள். ஐம்பது வயது இருக்கும். முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். மடை எண் இருபத்தொன்று, அதாவது கடைசி. புது ஷட்டர் வைத்து மூன்று வாரமாகிறது, மூன்று வாரமாகத் தன் மடையில் தண்ணீர் வரவில்லை என்றார்.

மார்ட்டின் மறுக்கவில்லை. அவர் யாரையும் நேரடியாக மறுத்ததில்லை. பெட்டியிலிருந்து வந்திருந்த பதிவை அச்செடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இருபத்தோராவது மடை, மாலை ஆறு இருபதுக்குத் திறப்பு, ஏழு மணிக்கு அடைப்பு, நாற்பது நிமிடம் தண்ணீர் விடப்பட்டது. மூன்று வாரமும் அப்படியே. ஒரு நகலை அம்மாவிடம் நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்.

ராமாத்தாள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சாமி, இதைக் கொண்டு போய்க் கொடிக்காலுக்குக் காட்டட்டுங்களா? படிச்சுப் பார்த்துட்டுத் தளிர்க்குமுங்களா?”

அந்தக் கேள்விக்குக் கையேட்டில் இடம் இல்லாததால், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மார்ட்டின் விரலால் காட்டினார். வெண்ணிலாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாள் களஆய்வுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள்.

போய், வாய்க்கால் கரையில் செல்போன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மடை திறந்து மூடி அடுத்தது திறக்க நாற்பது நிமிடம் ஆக வேண்டும். நாற்பத்திரண்டு ஆனது. அடுத்ததற்கும் நாற்பத்திரண்டு. மாலை ஏழு மணி வரை இருந்து பார்த்தாள். ஏழு மணிக்குக் கண்ணுசாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலைமதகை அடைத்தார், சைக்கிளில் ஏறினார். அவருடைய கடிகாரம் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. வாரம் ஒருமுறை ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணியடிக்கும்போது சரிபார்த்து வைத்துக்கொள்வாராம். அந்த வாய்க்காலில் சரியான நேரம் காட்டிய ஒரே கருவி அதுதான்.

அப்போது பெட்டியில் மணி ஆறு இருபது. குறித்த நேரம் வந்துவிட்டதால் இருபத்தோராவது ஷட்டர் கம்பீரமாக மேலே தூக்கிக்கொண்டது. வாய்க்காலில் சேறு இருந்தது. ஒரு தவளை ஷட்டரை நிமிர்ந்து பார்த்தது.

“நாப்பது நிமிசம் திறந்தே கெடக்குமுங்க,” என்றார் ராமாத்தாள். “நாயம் தவறாம.”

கோளாறு என்ன என்பது வெண்ணிலாவுக்கு இரண்டு நாளில் பிடிபட்டது. அந்தப் பழைய கெர்னல் நேரத்தை எண்ணித்தான் தெரிந்துகொண்டது. வினாடிக்கு நூறு முறை பெட்டியிலிருக்கும் சிப், அதாவது சில்லு, அதன் தோளைத் தட்டும்; தட்டுக்கு ஒன்று என்று அது கூட்டிக்கொள்ளும். ஆனால் ஷட்டர் மோட்டாருக்கு நிரல் எழுதிய புண்ணியவான், மோட்டார் ஓடி முடிக்கும்வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உள்ளே தாழ் போட்டிருந்தான். திறக்க ஒரு நிமிடம், அடைக்க ஒரு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் சில்லு தட்டிக்கொண்டே இருந்தது, உள்ளே கேட்கவில்லை. கெர்னலைப் பொறுத்தவரை அந்த இரண்டு நிமிடம் உலகத்தில் நடக்கவே இல்லை. கையில் ஒரு வேலை இருந்தால் வேறெதுவும் காதில் விழாது என்பது ஏறக்குறைய மார்ட்டின் சாரின் வழக்கம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டாள்.

கணக்கு எளிது. முன்னால் இருக்கும் இருபது பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகிறது. இருபது இரண்டு நாற்பது. இருபத்தோராவது ஆளின் நேரம் முழுவதும் இருபது பேருக்கும் பங்காகிவிடுகிறது. இதில் திருடினவர் என்று யாரும் கிடையாது. தண்ணீர் மட்டும் இல்லை.

திருத்தமும் எளிது. அதே சில்லுக்குள் இன்னொரு எண்ணி இருந்தது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தட்டுகளை எண்ணாதே, மணி வேண்டும்போது அந்த எண்ணியைப் பார்த்துக்கொள் என்று கெர்னலுக்குச் சொன்னால் தீர்ந்தது. பதினோரு வரி. அலுவலகத்தில் இருந்த உபரிப் பெட்டியில் போட்டு, மோட்டாரை மூன்று நாள் ஓட விட்டுப் பார்த்தாள். ஒரு வினாடிகூடப் பிசகவில்லை.

பிறகு குறிப்பு எழுதினாள். அவள் செய்த தவறு அதுதான். ‘மடைப் பெட்டியில் சிறு கோளாறு, சரி செய்யலாம்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கையெழுத்தாகியிருக்கும். அவள் படித்ததை ஒளிக்காமல் எழுதினாள்: இத்திருத்தத்தினால் கெர்னல் நேரத்தை அளக்கும் நுணுக்கம், வினாடியில் நூறில் ஒரு பங்கு என்ற நிலையிலிருந்து நானோ வினாடி என்ற நிலைக்கு உயரும்.

மார்ட்டின் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நானோ வினாடின்னா எவ்வளவு?”

“ஒரு வினாடியை நூறு கோடியாப் பிரிச்சா அதுல ஒண்ணு சார்.”

“முற்பகலா, பிற்பகலா?”

“ரெண்டுலயும் இருக்கும் சார்.”

“அப்படி எழுத முடியாதும்மா. ஏதாவது ஒண்ணுலதான் இருக்கணும்.”

மார்ட்டின் கெட்டவர் அல்ல. முப்பத்தொரு வருட சர்வீஸில் ஒரு கோப்பைத் தொலைத்ததில்லை. ஒரு கோப்பை முடித்ததாகவும் பதிவு இல்லை. அவள் மனம் நோகாமல் சில விளக்கங்கள் மட்டும் கேட்டார். நானோ வினாடி எந்த அரசாணையில் வரையறுக்கப்பட்டுள்ளது? நேரம் திருத்தப்படுமாயின், திருத்தத்துக்கு முன் நடந்தவை நடந்தவையாகவே கருதப்படுமா? வாரியத்தின் பொறுப்பில் வரும் நானோ வினாடிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமா, அவை அன்றாடம் செலவாகிவிடும் பொருளா? வெண்ணிலா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். பதில்களிலிருந்து புதிய கேள்விகள் பிறந்தன.

ராமாத்தாள் திங்கள்தோறும் வந்தார்; இரண்டு நிமிடக் கணக்கையும் பதினோரு வரியையும் வெண்ணிலா அவருக்கு விளக்கியிருந்தாள். முதலில் வந்தபோது பச்சை வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவந்து கொடுத்தார். ஆறாவது தடவை மஞ்சள் வெற்றிலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மார்ட்டின் அதை ஓரமாக ஓட்டை போட்டு நூல் கோத்து, கோப்பில் சேர்த்து, பக்கம் 43 என்று எண் போட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குழாய் போட்டு இழுத்ததில் கொடிக்காலில் பாதி பிழைத்துக் கிடந்தது. மீதிப் பாதியில் கொடி படர நட்ட அகத்தி மரங்கள் மட்டும் வெறுமனே நின்றன.

ஒருநாள் மார்ட்டின் சாப்பிடப் போன நேரத்தில் ராமாத்தாள் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பதினோரு வரியை நீங்களே போய்ப் போட்டுட்டு வந்துருங்களேன் அம்மிணி. நான் ஆருகிட்டயும் மூச்சுடமாட்டேன்,” என்றார். வெண்ணிலா தன் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை எடுத்துக் காட்டினாள். அனுமதியின்றி வாரிய மென்பொருளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஒப்பந்தம் அன்றே ரத்து. ராமாத்தாளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் படித்துக் காட்டியவள் ‘அன்றே ரத்து’ என்ற இடத்தை இரண்டு தடவை படித்ததைக் கவனித்தார். சரி சாமி, அடுத்த வாரம் வாரேன் என்று எழுந்து போனார்.

பதினொன்றாவது வாரம் இயக்குநர் ஆனந்தகுமார் பயிற்சியிலிருந்து திரும்பினார். ‘டீப் டெக்’ என்கிற ஆழ்நுட்பம் பற்றி நான்கு நாள் பயிற்சி. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தபோது சட்டைக்குமேல் கை இல்லாத கோட்டு, வாயில் ‘சூழலமைப்பு’ என்ற சொல். கோப்பைப் புரட்டியவர் நானோ என்ற இடத்தில் நின்றார். இரண்டு மாதமாகக் கோப்பை முடக்கி வைத்திருந்த அதே சொல் அவரைத் துள்ளி எழ வைத்தது. நாட்டிலேயே முதல் நானோ வினாடி மண்டலம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்.

வெண்ணிலாவுக்கு அழுகை வரும் அளவுக்கு மகிழ்ச்சி. அப்படியானால் இந்தச் செவ்வாய்க்கிழமையே மடைப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று கேட்டாள்.

“மடையா? மடையை யார் பார்க்கப் போறா? முதல்ல மக்களுக்குத் தெரியணும். வாசல்ல வைப்போம்,” என்றார்.

அப்படித்தான் அலுவலக வாசலில், முட்டை அட்டைக் கடையின் பெயர்ப் பலகையை மறைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு மின்னணுக் கடிகாரம் ஏறியது. மணி, நிமிடம், வினாடி, அதற்குப் பின்னால் ஒன்பது இலக்கம். கடைசி ஏழு இலக்கங்கள் ஓடின வேகத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே எட்டாகத்தான் தெரிந்தன. எந்த நேரம் போய் நின்றாலும் எட்டு எட்டு எட்டு எட்டு எட்டு எட்டு எட்டு. துல்லியம் என்பது எட்டு என்று ஊர் புரிந்துகொண்டது. கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண மண்டபக்காரர் முகூர்த்தத்துக்கு இதேபோல ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். ஒரு பேக்கரி தன் பன் நானோ வினாடியில் வெந்தது என்று விளம்பரம் செய்தது.

கடிகாரத்துக்குள்ளும் தன்னிறைவுதான், திருத்தப்படாத பழைய கெர்னல்தான். ஒன்பது இலக்கம் காட்டுவதற்கு ஒன்பது இலக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேரத்துக்குக் கீழே இயக்குநரின் பெயரும் பட்டங்களும் பதவியும் ஓடும். அந்த வரி ஓடும்போது, மோட்டாருக்கு நிரல் எழுதிய அதே புண்ணியவானின் கைங்கரியத்தால், கெர்னல் வேறெதையும் கவனிக்காது. ஆனந்தகுமார் இரண்டு முதுகலைப் பட்டம் பெற்றவர். ஒரு நாளைக்கு ஒன்பது நிமிடம் போயிற்று. பட்டத்தைக் குறைத்தால் நேரம் கூடும் என்று வெண்ணிலா பணிவோடு குறிப்பு வைத்தாள். இயக்குநர் அதை வேறு விதமாகத் தீர்த்தார். நகரில் உள்ள இதர கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஒன்பது நிமிடம் முந்துவது கவனத்துக்கு வந்துள்ளதாகவும், அவற்றை உரியவர்கள் நெறிப்படுத்திக்கொள்ளுமாறும் ஒரு சுற்றறிக்கை போனது.

இதற்கிடையில் மடைப் பெட்டியைத் திருத்தவும் ஒரு வெள்ளிக்கிழமை கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். சும்மா பத்தரை என்று சொன்னால் போதாது, நாம் இப்போது நானோ மண்டலம், எத்தனையாவது நானோ வினாடியில் ராகு காலம் தொடங்குகிறது என்று சான்றிதழ் வேண்டும் என்றார் இயக்குநர். பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர், தன்னிடம் இருப்பது நாழிகை வரைக்கும்தான், அதற்குக் கீழே ராகுவே கவனிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைய பத்தரையும் கழிந்தது, அந்த மாதமும் கழிந்தது.

கடைசியில் பயனாளிகள் கருத்துக் கேட்புக் கூட்டம். இருபத்தொரு மடைக்காரர்களும் வந்தார்கள். நாற்காலி பதினைந்துதான் இருந்தது. மீதிப் பேர் முட்டை அட்டைக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். இருபது பேர் சார்பில் பேசியவர் காத்தான். முதல் மடைக்காரர், வாழை வைத்திருக்கிறார், நல்ல தாட்டிகமான ஆள்.

“நாங்க கேட்டு வாங்கலீங்க. கம்ப்யூட்டரு குடுத்துச்சு. கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுன்னு நீங்கதானுங்க ஊருக்கு வந்து மைக்குல சொன்னீங்க.”

ஆனந்தகுமார் தலையசைத்தார். அவர்தான் சொன்னார்.

“அது ராமாத்தாக்காவோட நேரமுங்கண்ணா,” என்றாள் வெண்ணிலா.

“ரெண்டே ரெண்டு நிமிசம் அம்மிணி. ஒரு பீடி பத்த வெச்சு முடிக்கிற நேரம். அதைப் போயி ஒருத்தரு பெருசாக் கேப்பாங்களா?”

“அப்பக் குடுத்துருங்களேன், சின்னதுதானே,” என்றார் ராமாத்தாள்.

“அதெப்படீங்க முடியும்? பழகிப்போச்சுங்களே.”

இருபது பேரும் ஆமாம் என்றார்கள். பழகிப்போனது என்பது கோப்பில் ‘நடைமுறை வழக்கம்’ என்று ஏறியது. நடைமுறை வழக்கத்துக்கு எதிராக வாரியம் ஒருபோதும் போனதில்லை.

மாசி மாதம், தண்ணீர் நின்ற இருபத்தாறாவது வாரம், முடிவு வந்தது. மார்ட்டின் அதைச் சத்தமாகப் படித்தார். நேரம் என்பது இயற்கையைச் சார்ந்த பொருளாக இருப்பதாலும், அதில் திருத்தம் மேற்கொள்ளும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டா என்பது தெளிவுபடாத நிலையிலும், மனுதாரரின் குறை உண்மையானது என்பதைக் கருணையோடு பரிசீலித்தும், நேரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, மடைகளின் வரிசையைத் தலைகீழாக மாற்றியமைக்க ஆணையிடப்படுகிறது. இருபத்தொன்று இனி முதலாவது. ஒன்று இனிக் கடைசி.

இதற்குக் கெர்னல் பொறியாளரே தேவைப்படவில்லை. பெட்டிக்குப் போகும் பட்டியலை மார்ட்டினே பிற்பகலில் கீழிருந்து மேலாகத் தட்டச்சு செய்தார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு ராமாத்தாளின் கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ராமாத்தாள் தலைமதகுப் பக்கம் நின்று போன் செய்தார். வாய்க்கால் சத்தம் கேக்குதுங்களா என்று மட்டும் கேட்டு, போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார். வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேக்குதுங்கக்கா என்றாள். அப்போது மணி ஆறரை, பாய்ச்சல் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. அது வேறு யாரோ ஒருவரின் மடைக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர்.

அதே வாரம் இன்னோர் ஆணையும் வந்தது. வாரியத்தின் நேரத்தில் ஒரு பிழை இருப்பது பதிவாகிவிட்டதால், அதைக் கவனித்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். எனவே ‘நேரப் பிழைக் கண்காணிப்பு அலுவலர்’ என்ற பணியிடம் காலமுறை ஊதியத்தில் தோற்றுவிக்கப்படுகிறது; பிழையைக் கண்டறிந்தவர் என்ற முறையில் வெண்ணிலா அதில் நியமிக்கப்படுகிறார்; மேற்படி பணியிடம் மேற்படி பிழை நீடிக்கும் காலம்வரை நடைமுறையில் இருக்கும். மார்ட்டின் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். வீட்டில் அப்பா இரண்டு தறியையும் அரைநாள் நிறுத்தினார். அம்மா தெரு முழுக்கக் கை முறுக்குக் கொடுத்தார். பங்குனி என்ற சொல் அவளுக்குச் சாதாரணத் தமிழ் மாதப் பெயராக மாறியது.

புது வரிசையில் இரண்டு செவ்வாய்க்கிழமை கழிந்தபின், திங்களன்று, காத்தான் மாடி ஏறி வந்தார். அவருடைய ஷட்டர் மாலை ஏழு மணிக்குக் கம்பீரமாகத் திறக்கிறது, வாழை வாடுகிறது. ‘நேரத்தைத் துல்லியமாக்கித் தருமாறு’ மனு. பெட்டி தப்புப் பண்ணுகிறது என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

அவருக்குப் பின்னாலேயே இருபது பேர் கையெழுத்திட்ட இன்னொரு மனுவும் வந்தது. நேரத்தில் கை வைக்கக் கூடாது என்று கோரும் மனு. முதல் கையெழுத்து ராமாத்தாளுடையது. பெருவிரல் ரேகை, ஊதா மை.

வெண்ணிலா ரேகைக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தாள். பிறகு, அக்கா, நீங்களா என்று கேட்டாள்.

மனுவைக் கொண்டுவந்திருந்த ராமாத்தாள் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு வெற்றிலை நல்ல பச்சை.

“நீங்கதான் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க அம்மிணி, அதையே சொல்றேன். எனக்கு இருபத்தாறு வாரம் போச்சு. வாரத்துக்கு நாப்பது. ஆயிரத்து நாப்பது நிமிசம். இப்ப வாரம் ரெண்டு நிமிசம் கூடச் சேத்தி வருது. அப்ப ஐநூத்தி இருபது வாரம். பத்து வருசம் ஆகுமுங்க எனக்கு நேராக. அதுக்கப்புறம் நீங்க அந்தப் பதினோரு வரியைத் தாராளமாப் போட்டுக்குங்க. அதுக்கு முந்திப் போட்டா அநியாயமுங்க.”

“அதுவரைக்கும் காத்தான் அண்ணன்?”

“பழகிக்குவாருங்க,” என்றார் ராமாத்தாள். சொல்லிவிட்டு ஒரு கவுளியை மேசைமேல் வைத்தார். மார்ட்டின் அதைக் கோப்பில் சேர்க்கவில்லை, ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெண்ணிலாவின் மேசை இழுப்பறையில் பதினோரு வரியும் ஒரு பென்டிரைவில் இருந்தது. மேசைக் கண்ணாடிக்குக் கீழே நியமன ஆணை இருந்தது. மேற்படி பிழை நீடிக்கும் காலம்வரை என்ற வரி சரியாக அவள் முழங்கை படும் இடத்தில் வந்தது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து மனுதாரர் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல மனம் வரவில்லை.

காத்தான் மனுவை நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார். “எப்பங்க அம்மிணி சரியாகும்?”

இந்தக் கேள்விக்கு ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொல்ல மார்ட்டின் வாயிலிருந்த வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டார். அதற்குள் வெண்ணிலா நாட்காட்டியைப் பார்த்து, ஒரு தாளில் கூட்டிக் கழித்து, சரிபார்த்து, தலை நிமிராமல் சொன்னாள்.

“ஐநூத்திப் பதினெட்டு வாரமுங்கண்ணா.”

அந்த அலுவலகத்தில் மனுதாரர் ஒருவருக்குத் திட்டவட்டமாக ஒரு காலக்கெடு சொல்லப்பட்டது அதுவே முதல் தடவை. இத்தனை வருடமாக எந்த ஆபீஸிலும் தனக்கு இப்படி ஒளிவு மறைவில்லாமல் பதில் கிடைத்ததில்லை என்று காத்தானே ஒத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டு, மனுவைக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.